லைட்டை அணைக்கிற ஆஃப் வேறு, ரோட்டை விட்டு விலகுகிற ஆஃப் வேறு

'டர்ன்' தனியாக இருக்கும்வரை சாதுவான சொல்தான். திரும்பு, திருப்பு, அவ்வளவுதான். பின்னால் ஆன், ஆஃப், அப், டவுன் என்று ஏதாவது ஒரு குட்டிச் சொல் வந்து நின்றதும் வம்பு ஆரம்பிக்கும். டர்ன் டவுன் என்றால் சத்தத்தைக் குறைப்பது, வந்த வேலையை வேண்டாம் என்று சொல்வதும் அதுதான். டர்ன் இன் என்றால் ஒப்படைப்பது, தூங்கப் போவதும் அதுவே. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அந்தக் குட்டிச் சொல் யார் கட்சி என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் ஆஃப் த ரோட்' இரண்டும் பார்வைக்கு ஒரே அச்சு. முதலாவதில் ஆஃப் வினையின் கட்சி. இரண்டும் சேர்ந்துதான் 'அணை'. இரண்டாவதில் அது ரோட்டின் கட்சி. நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிச் செய்யும் வேலையை, பெயருக்கு முன்னால் நின்று செய்கிறது: ரோட்டை விட்டுத் திரும்பு. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பெயரைத் தூக்கி நடுவில் வைத்துப் பார்ப்பது. 'டர்ன் த லைட் ஆஃப்' சரி. 'டர்ன் த ரோட் ஆஃப்' என்றால், ரோட்டுக்கு ஏது ஸ்விட்ச் என்று கேட்பார்கள்.

லைட் என்பதற்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: 'டர்ன் இட் ஆஃப்'. ஏனென்றால் ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடம் பெரும்பாலும் புதுச் செய்திக்கும் அழுத்தத்துக்கும் உரியது; 'இட்' ஏற்கெனவே தெரிந்த பொருள், அழுத்தமும் கிடையாது, அதனால் அது உள்ளே ஒதுங்க, அழுத்தம் ஆஃப் மேல் விழுகிறது. இதே காரணம்தான் மறுபக்கமும் வேலை செய்கிறது: மாடியில் பின்பக்க அறையில் எரிகிற அந்த லைட்டை என்று நீளமாகச் சொல்வதானால் ஆஃப் வினையை விட்டு நகராது, நகர்ந்தால் அது எப்போது வரும் என்று கேட்பவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இடம் மாறினால் பொருளே மாறுவதும் உண்டு. 'டர்ன்ட் இட் ஆன்' என்றால் லைட்டையோ ஃபேனையோ போட்டுவிட்டார்கள். 'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' என்றால் நாய் சட்டென்று அவன் மேலேயே பாய்ந்துவிட்டது, இங்கே ஆன் அழுத்தமில்லாமல் 'ஹிம்' பக்கம் சாய்ந்துகொள்ளும்.

சரி, அணைப்பதற்கும் திருப்புவதற்கும் என்ன சம்பந்தம்? டர்ன் கிரேக்கத்தில், மரத்தைச் சுழற்றிச் செதுக்கும் கடைசல் கருவிக்கு இருந்த பெயரிலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. குழாயும் குமிழும் திருகித்தான் திறக்க, மூட முடிந்தது. இன்று தொடுதிரையில் திருக ஒன்றுமில்லை, சொல் மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தக் குட்டிச் சொற்கள் எப்போதும் பின்னால் இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் இவற்றில் பல வினைக்கு முன்னால் ஒட்டி வந்தன. வித்ஸ்டாண்ட், ஓவர்த்ரோ எல்லாம் அந்த வழக்கத்தின் மிச்சம். ஜெர்மனில் இன்றும் அவை சில வாக்கியங்களில் முன்னால் ஒட்டும், சிலவற்றில் கழன்று கடைசிக்குப் போகும்.

பொருளும் கண்டபடி தாவுவதில்லை. அப், அவுட் இரண்டை மட்டும் எடுத்து சூசன் லிண்ட்னர் என்ற மொழியியல் ஆய்வாளர் 1981-இல் ஒரு முழு ஆய்வேடே எழுதினார். உதாரணமாக 'ஈட் அப்', 'யூஸ் அப்' இரண்டிலும் அப் என்பது முழுதாக முடிப்பது, நம் 'தின்றுவிடு', 'தீர்த்துவிடு' என்பதில் விடு செய்கிற வேலை. கீழே கிடப்பது மேலே வந்தால் கண்ணில் படும், அதனால் தொலைந்த சாவி திடீரென்று கிடைத்தாலும் 'டர்ன்ட் அப்' என்கிறார்கள்.