தலையில்லாத மரங்கள்

ஈரானிய ஓவியர் சொஹ்ராப் செபெஹ்ரி (1928–1980) வரைந்த மரங்கள் பலவற்றுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. பழுப்பும் சாம்பலுமாகத் தடித்த பட்டைகள் கேன்வாஸின் மேல் விளிம்பில் தொடங்கிக் கீழ் விளிம்பில் முடிந்துவிடும். இலை, கிளை, வேர் எதையும் காட்ட மாட்டார். ஆனாலும் பார்க்கிறவருக்கு ஒரு தோப்புக்குள் நிற்பது போல இருக்கும்.

செபெஹ்ரி வளர்ந்தது பாலைவன ஓரத்து ஊரான கஷானில், பெரிய தோட்டம் சூழ்ந்த வீட்டில். மூன்றடி உயரப் பிள்ளைக்கு மரம் என்றால் அடிமரம்தானே, உச்சியை யார் அண்ணாந்து பார்த்தார்கள்? இது என் ஊகம்தான். ஆனால் வரையாத கிளை நமக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு அறிவியலில் விடை இருக்கிறது.

1989இல் ஹெலன் இன்ட்ராப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். வேலி ஓரமாக வைத்த குப்பைத்தொட்டிகளின் படம் ஒன்று. தொட்டிகள் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கும். படத்தைக் காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொன்னார். வரைந்தவர்கள் தொட்டிகளை முழுசாகவே வரைந்தார்கள், சுற்றிலும் கொஞ்சம் வேலியையும் சேர்த்து! படத்தில் இல்லாததைப் பார்த்ததாகவே நம்பினார்கள். இதற்கு ‘எல்லை நீட்சி’ என்று பெயர். கண்ணுக்குக் கிடைப்பது சின்னத் துண்டு. அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்பதை மூளை கேட்காமலே கட்டிச் சேர்த்துவிடுகிறது.

சரி, கட்டுவது யார்? மூளையின் உட்பக்கம் கடல்குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகாம்பஸுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நினைவுக்கான உறுப்பு என்றுதான் அதைச் சொல்லி வந்தார்கள். 2007இல் டெமிஸ் ஹஸாபிஸ், எலினோர் மக்வாயர் என்ற மூளை ஆய்வாளர்களின் குழு (ஆம், பின்னாளில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக வேதியியல் நோபல் வாங்கிய அதே ஹஸாபிஸ்) அந்தப் பகுதி பழுதடைந்த ஐந்து பேரிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னது. பெரும்பாலோரால் முடியவில்லை. நீலம், மணல் என்று உதிரியாக ஏதோ வந்தது, காட்சியாகக் கூடவில்லை. பழைய நாளை நினைப்பதற்கும் நடக்காததைக் கற்பனை செய்வதற்கும் ஒரே பட்டறைதான் போலிருக்கிறது. சிறுவயது வீட்டை நினைக்கும்போதும் நாம் பழைய போட்டோவை எடுத்துப் பார்ப்பதில்லை. கிடைத்த நாலு துண்டை வைத்து வீட்டைப் புதிதாகக் கட்டுகிறோம். செபெஹ்ரி துண்டைத் தந்துவிட்டு, கட்டுகிற வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறார்.

2012இல் மக்வாயரும் இன்ட்ராபும் சேர்ந்து ஹிப்போகாம்பஸ் பழுதடைந்தவர்களிடம் எல்லை நீட்சியைச் சோதித்தார்கள். அவர்கள் படத்தின் ஓரத்தை, நலமாக இருப்பவர்களைவிடத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். அவர்களைச் செபெஹ்ரியின் ஓவியத்தின் முன் நிறுத்தினால், ஒருவேளை அவர் வரைந்ததை மட்டுமே பார்ப்பார்கள்: பழுப்பும் சாம்பலுமாகச் சில பட்டைகள்.