டாக்குமென்டேஷன்: ஆவணமா, உரையா?

திறமூல மென்பொருளோடு (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ‘ஓப்பன் சோர்ஸ்’ மென்பொருள்) வரும் விளக்கத் தொகுதியை ‘டாக்குமென்டேஷன்’ என்கிறோம். தமிழில் எழுத நேரும்போது ‘ஆவணம்’, ‘ஆவணமாக்கம்’ என்று பெயர்க்கிறோம். அந்தப் பெயரே எழுதுபவரைத் திசை திருப்பிவிடுகிறது என்பது என் எண்ணம்.

‘டொக்கேரே’ என்னும் இலத்தீன் வினைக்குக் கற்பித்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘டொக்குமென்டும்’ பாடத்தையும் சான்றையும் குறித்தது. டாக்டர் என்ற சொல்லும் அதே வேரினதே, அது முதலில் ஆசிரியரைச் சுட்டியது. காலப்போக்கில் பாடம் என்ற பொருள் தேய்ந்து, எழுத்துச் சான்று என்ற பொருளே நிலைத்தது. தமிழ் ஆவணத்தின் வரலாறோ வேறு: பட்டினப்பாலையின் ‘விழவறா வியலாவணம்’ கடைத்தெரு, கல்வெட்டுகளின் ‘விலையாவணம்’ விற்பனைப் பத்திரம். கற்பித்தல் என்ற பொருள் அதில் இல்லை.

இந்த வேறுபாட்டை நான் உணர்ந்தது பாம்பனில். தென்கடலில் நாட்டுப்படகு செலுத்துவோர், வலை சிக்கும் பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) இருக்கும் இடங்களை ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்திருந்தார்கள். அவற்றைத் திறமூல நிலப்பட மென்பொருள் ஒன்றில் ஏற்ற முயன்றோம். ‘எக்ஸ் புலம்: எக்ஸ் மதிப்புள்ள நெடுவரிசை’ என்றது விளக்கம். அதில் பிழை ஏதும் இல்லை, எங்களுக்கு அதனால் பயனும் இல்லை. கடலில் சொல்லும் வரிசைப்படி அட்சரேகையை முதலில் இட்டோம். 9 பாகை வடக்கு, 79 பாகை கிழக்கில் விழ வேண்டிய புள்ளிகள் 79 பாகை வடக்கு, 9 பாகை கிழக்கில், ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளின் அருகே போய் விழுந்தன. “தம்பி, நம்ம பாரு எங்க?” என்று கேட்டார் அருகிலிருந்த பெரியவர். ‘எக்ஸ் என்பது தீர்க்கரேகை, பாம்பனுக்கு எக்ஸ் 79.2, ஒய் 9.28’ என்ற ஒரே எடுத்துக்காட்டு போதுமாயிருந்தது.

எடுத்துக்காட்டை உரையின் உறுப்புகளுள் ஒன்றாகவே நம் மரபு கொள்கிறது. கருத்து, பதப்பொருள், காட்டு (எடுத்துக்காட்டு) ஆகிய மூன்றாலோ, அவற்றோடு வினா, விடை இரண்டையும் சேர்த்தோ சூத்திரத்தை விளக்குவதை நன்னூல் காண்டிகையுரை என்கிறது. சூத்திரத்தில் இல்லாத இன்றியமையாச் செய்திகளையும் சேர்த்து விரிப்பதை விருத்தியுரை என்கிறது. புதியவர் கையில் தர வேண்டியது காண்டிகை. தேர்ந்தவர் தேடிப் பார்ப்பது விருத்தி. 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் கையேடு, ஏற்கெனவே அறிந்தவர் கட்டளைகளைப் புரட்டிப் பார்க்கும் நூலாகவே அமைந்தது; பல திறமூலத் திட்டங்கள் இன்றும் அந்த நிலையைத் தாண்டவில்லை. நிரல் எழுதியவரே விளக்கமும் எழுதும்போது, விடை அவருக்கு முன்பே தெரியுமாதலால் வினா அவருக்குத் தோன்றுவதில்லை. ஆகவே முதன்முறை பயன்படுத்துபவரின் அருகில் அமர்ந்து, அவர் தடுமாறும் இடங்களை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொண்டு, அந்த வினாக்களிலிருந்து உரையைத் தொடங்க வேண்டும். மென்பொருளின் பட்டிகள் (மெனுக்கள்) பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுவதால், ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் பதிப்பெண் இருப்பது கட்டாயம்.

கைக்கு உரியது என்ற இலத்தீன் பொருளுடைய ‘மேனுவல்’ என்பதற்குக் ‘கையேடு’ இயல்பாகப் பொருந்துகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. விளக்கத் தொகுதி முழுவதற்கும் ‘பயனர் உரை’ என்பதே நான் முன்மொழியும் சொல். உரிமம், மாற்றப் பதிவு, வடிவமைப்பு முடிவுகள் ஆகியவை சான்றுக்காக வைக்கப்படுபவை. அவற்றை மட்டும் ஆவணம் என்று அழைக்கலாம்.