வெள்ளம் வடிந்த பிறகு ஏறும் களிம்பு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. பைக்கின் டேங்கும் ஹேண்டில்பாரும்தான் வெளியே தெரிந்தன. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்ததும் ஆசை தாங்காமல் சாவியைப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் விளக்கு எரிந்தது, இண்டிகேட்டரும் மின்னியது. வண்டி தப்பித்துவிட்டது என்று நம்பி, ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டத் தொடங்கினேன். பிப்ரவரியில் ஒருநாள் சிக்னலில் நின்ற வண்டி அப்படியே அணைந்துபோனது.

மெக்கானிக் டேங்கைத் தூக்கி, அடியில் ஒயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான கப்ளரைப் பிரித்துக் காட்டினார். அதில் ஆறு பின்கள். ஐந்தில் லேசான பச்சைக் களிம்புதான். சிவப்பு ஒயர் வந்து சேரும் பின் மட்டும் பாதி கரைந்து, விரல் பட்டதும் ஒடிந்தது. "தண்ணி நின்னப்போ பேட்டரியைக் கழட்டலையா சார்?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

அந்த ஒரு பின்னை மட்டும் தண்ணீர் ஏன் தின்றது? சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். வெள்ளத் தண்ணீரோ உப்பும் சாக்கடையும் கலந்தது, நன்றாகக் கடத்தும். சாவியை எடுத்துவிட்டாலும் பேட்டரியிலிருந்து சில ஒயர்களில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட ஒயரின் பின்னும் பக்கத்தில் உள்ள எர்த் (நெகட்டிவ்) பின்னும் ஒரே ஈரத்தில் நனைந்தால், கப்ளருக்குள்ளேயே மின்சாரத்தால் பொருளைப் பிரிக்கும் ஒரு மின்னாற்பகுப்புத் தொட்டி தயார். தண்ணீரைப் பிரிக்கச் சுமார் 1.23 வோல்ட் போதும். இங்கே அதைப்போல் பத்து மடங்கு இருக்கிறது. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு அயனிகளாகக் கரைந்து வெளியேறுகிறது. சாதாரணக் களிம்பு ஏற மாதங்கள் ஆகும். மின்சாரம் துணைக்கு இருந்தால் சில நாளிலேயே பின் இளைத்துவிடும்.

அதனால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நெகட்டிவ்வை முதலில் எடுங்கள். அதற்கப்புறம் ஸ்பானர் தவறிப்போய் சேஸிஸில் இடித்தாலும் ஷார்ட் ஆகாது. செல்ஃப் பட்டனை அழுத்திப் பார்க்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம்.

அடுத்தது கேட்க விநோதமாக இருக்கும்: நனைந்த கப்ளர்களை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெள்ளத் தண்ணீர் காய்ந்தால் அதன் உப்பு உள்ளேயே தங்கி, பனிக்காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அலசிய பிறகு மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது அமிலம் களிம்பைக் கரைப்பதால்தான். ஆனால் அந்த வித்தையைக் கப்ளரில் காட்டாதீர்கள். இடுக்கில் தங்கும் அமிலம் செம்பைத் தொடர்ந்து அரிக்கும்.

பலர் டபிள்யூடி-40 அடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். 1953இல் அமெரிக்காவில் உருவான அந்த ஸ்பிரேயின் பெயரிலேயே தண்ணீரை விரட்டுவது என்ற பொருள் இருக்கிறது. விரட்டத்தான் செய்யும். ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மிக மெல்லியது. ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. காய்ந்த கப்ளரில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் வைத்து மூடுவதே நீடிக்கும். அந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனாலும் பின்கள் உரசி இறங்கும் இடத்தில் விலகிக்கொண்டு, மிச்ச இடத்தில் ஈரம் புகாமல் காக்கும்.

களிம்பு ஏறிய இணைப்பு உடனே அறுந்துவிடுவதில்லை, அதுதான் சிக்கல். 35 வாட் ஹெட்லைட் சுமார் 3 ஆம்பியர் இழுக்கிறது. வழியில் களிம்பு அரை ஓம் தடையைச் சேர்த்தால் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஹாலஜன் பல்பின் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். பல்பை மாற்றியும் மங்கலாகவே எரிகிறது என்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் கதை. அந்த இணைப்பில் 4 வாட்டுக்கு மேல் வெப்பமாகி, பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். ஃப்யூஸ் இதைக் கண்டுபிடிக்காது. மின்னோட்டம் கூடினால்தான் அது உருகும், இங்கே குறைகிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. அவற்றின் சென்சார்கள் பல 5 வோல்ட்டில் இயங்குகின்றன. அரை வோல்ட் மாறினாலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ தப்பான கணக்குப் போட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்.

என் வண்டிக்குப் புதுப் பின் வைக்க மெக்கானிக் அந்தச் சிவப்பு ஒயரின் இன்சுலேஷனைச் சீவினார். உள்ளே செம்பு கரிபோலக் கறுத்திருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறியிருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போனார். ஒரு சாண் போன பிறகுதான் பளபளவென்று சிவந்த செம்பு தெரிந்தது.