"சின்ன கரெக்ஷன்தான் தம்பி": வடிவமைப்பாளர் எழுதி வாங்க வேண்டியவை

வரைகலை வடிவமைப்புத் தொழிலில் வாடிக்கையாளரோடு வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை, கூலி குறைவு என்பதால் வருபவை அல்ல. ஒப்புக்கொண்ட வேலை எந்த இடத்தில் முடிகிறது என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் வருபவை. கொட்டேஷனில் "கரெக்ஷன் இலவசம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, கரெக்ஷன் என்றால் என்ன என்று எழுதாமல் விடுவதே தகராறின் தொடக்கம். எழுத்துப்பிழை, இனிஷியல், தொலைபேசி எண் போன்றவற்றைத் திருத்துவது கரெக்ஷன். ஒப்புக்கொண்ட லேஅவுட்டைக் கைவிட்டு வேறு படம், வேறு அமைப்பு கேட்பது புது வேலை. இந்த வேறுபாட்டையும், எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதையும் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

திருமண அழைப்பிதழ் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெண்ணின் தந்தை சரி என்று சொல்லிவிட்டுப் போன பிறகு, தாய்மாமன் பெயர் இரண்டாவது வரியில் இருப்பதாக ஒருவர் குறைப்படுவார். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதன் கீழ் மேலும் சில பெயர்கள் வந்து சேரும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வரும். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பது அந்தக் குடும்பம் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. ஆகவே, முடிவு சொல்லும் அதிகாரம் உடையவர் ஒருவரே என்றும், மாற்றங்கள் அவரிடமிருந்து மட்டும், எழுத்தில், ஒரே பட்டியலாக வர வேண்டும் என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டைவிரல் படத்தை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "பிழை பார்த்துவிட்டேன், அச்சுக்கு அனுப்பலாம்" என்று அவரே தட்டச்சு செய்து அனுப்பிய பிறகுதான் ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். கைப்பேசித் திரையில் ஒளிரும் நிறமும் தாளில் விழும் மையின் நிறமும் ஒன்றாக இரா என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

அடுத்து, வேலை முடிந்ததும் கேட்கப்படும் ஓப்பன் ஃபைல், அதாவது யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய மூலக் கோப்பு. காசு கொடுத்தாகிவிட்டது, எல்லாம் தமக்கே சொந்தம் என்று வாடிக்கையாளர் நினைப்பது இயல்பு. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்த லோகோவின் உரிமையோ, பொதுவாக, எழுத்தில் மாற்றித் தரும்வரை அவரிடமே இருக்கும். அப்படி மாற்றித் தரும் பத்திரத்திலும் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு கொள்கிறது. எனவே ஒப்பந்தம் கேட்பது வாடிக்கையாளரைச் சந்தேகிப்பதாகாது. கடைப் பலகையில் அந்த லோகோவை வைத்துப் பல ஆண்டு தொழில் செய்யப்போகிற அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. ஓப்பன் ஃபைல் தருவதா, அதற்குத் தனித் தொகையா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மறுக்கும் விதத்திலும் பக்குவம் வேண்டும். "முடியாது" என்பதைவிட, "செய்துவிடலாம் அண்ணே, ஆனால் இது முதலில் பேசிய வேலைக்கு வெளியே வருகிறது, தொகையை அனுப்புகிறேன், சரி என்றதும் தொடங்குகிறேன்" என்பது உறவையும் காக்கும், கணக்கையும் காக்கும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பவர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் பாக்கி பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது.

பாக்கி என்றதும் ஒன்று. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளக் கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, அத்தகையவர்களிடம் வேலை வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் கெடு எழுதியிருந்தாலும், வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். நெடுநாள் வாடிக்கையாளர் மீது யாரும் எளிதில் புகார் கொடுக்கப்போவதில்லை. ஆனாலும் வேலையைத் தொடங்கும் முன்பே பதிவை முடித்துக்கொண்டு, ஒவ்வொரு பில்லின் அடியிலும் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய கடைசித் தேதியையும் அச்சிட்டு அனுப்பினால், பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அந்தப் பில்லைச் சற்று முன்னதாகவே கவனிக்கிறது.