கேட்டட் டிரம்ஸ்: அறையின் முழக்கத்தை உயர்த்தி, பாதியில் நறுக்கிய கதை

பாடகரும் டிரம்ஸ் கலைஞருமான ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' 1981 ஜனவரியில் வெளிவந்தது. ரோலண்ட் சிஆர்-78 ரிதம் பாக்ஸின் மெல்லிய தட்டலோடு மூன்றரை நிமிடத்துக்கு மேல் நகரும் பாட்டில், திடீரென்று டிரம்ஸ் இறங்கும். ராக் கேட்பவர்கள் வெறுங்கையாலேயே காற்றில் அடித்துக் காட்டும் இடம் அது. அந்த அடிகளை ஹெட்ஃபோனில் கவனித்துக் கேளுங்கள். காலி மண்டபத்தில் அடித்தது போல ஒலி விரிகிறது, ஆனால் மண்டபத்துக்கே உரிய நீண்ட முழக்கம் இல்லை. விரிந்த ஒலி விரிந்தபடியே நின்றுவிடுகிறது. இயற்கையில் எந்த அறையும் இப்படி ஒலிக்காது.

கேட்டட் டிரம்ஸ் எனப்படும் இந்த ஒலி பிறந்தது அதற்குச் சற்று முன்னால், பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கான ஒலிப்பதிவில். இடம் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்ஜம், டிரம்ஸ் வாசித்தவர் காலின்ஸ். டிரம்ஸ் இருந்த அறைக்குக் கல் சுவர்கள். அங்கிருந்த எஸ்எஸ்எல் 4000 கன்சோலில் (ஒலிகளைக் கலக்கும் மேசை) 'லிசன் மைக்' என்று ஒரு வசதி உண்டு. கலைஞர்கள் பேசுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்பதற்காக அறையின் உயரத்தில் தொங்கும் மைக் அது. ஒருவர் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும், கத்தினாலும் காதைப் பிளக்கக் கூடாது என்பதால் அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அழுத்தி, மெல்லியதோடு உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி) பொருத்தியிருந்தார்கள். காலின்ஸ் அடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொத்தான் அழுத்தப்பட, ஸ்பீக்கரில் வந்தது யாரும் கேட்டிராத டிரம்ஸ். பேச்சுக்கான இணைப்பு என்பதால் அதை டேப்பில் பதிய வழியில்லை. பராமரிப்பு ஆட்களைக் கொண்டு கன்சோலைத் திறந்து வயரிங்கை மாற்றிய பிறகுதான் பதிய முடிந்தது. கன்சோலின் ஒவ்வொரு சேனலிலும் நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் கதவு போல மூடிவிடும் கருவி) இருந்ததால், அதையும் போட்டுப் பார்த்தார்கள். அப்படி வந்ததுதான் ஆல்பத்தின் முதல் பாட்டு 'இன்ட்ரூடர்'.

கம்ப்ரஸர் அங்கே செய்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஓர் அறையில் ஒலி 60 டெசிபல் தணிய 2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) அடியின் உச்சம், கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்கும் வரம்பைவிட 34 டெசிபல் மேலே இருக்கிறது, விகிதம் 20:1, அதாவது வரம்புக்கு மேல் உள்ள ஒவ்வொரு 20 டெசிபலும் வெளியே 1 ஆகும். வெளியே வரும்போது அந்த 34 வெறும் 1.7 ஆகிவிடும். 0.4 விநாடி கழித்து அறை முழக்கம் 12 டெசிபல் தணிந்து, வரம்புக்கு மேல் 22-இல் இருக்கும். அது வெளியே 1.1 ஆக வரும். அதாவது அறையில் 12 டெசிபல் சரிந்த ஒலி, டேப்பில் 0.6 டெசிபல்தான் சரிகிறது. அடியும் அதன் முழக்கமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. டிரம்ஸ் பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் பலமாக அடித்தது இல்லை, அறை தணிய மறுப்பதுதான்.

இதை அப்படியே விட்டால் ஓர் அடியின் முழக்கம் அடுத்த அடியின் மேல் ஏறி எல்லாம் குழம்பிவிடும். அதற்குத்தான் கேட். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒலி வந்தால் திறக்கும், குறைந்தால் மூடும். மூடும் இடத்தில் முழக்கம் இன்னும் உயரத்திலேயே இருப்பதால் நறுக்கியது தெளிவாகக் கேட்கிறது.

இவ்வளவும் சரியாக அமைந்ததில் பாதிப் பங்கு, சிம்பல் (டிரம்ஸோடு வரும் உலோகத் தட்டு) வேண்டாம் என்று கேப்ரியல் பிடிவாதமாகச் சொன்னதற்கு என்பேன். சிம்பல் பல விநாடி ஒலிப்பது. அது கம்ப்ரஸருக்குள் போனால் டிரம்ஸின் உயரத்துக்கு அதுவும் எழும்பிவரும், கேட்டையும் மூட விடாது. கருவிகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த முடிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறையை வாத்தியமாக்கியவர்கள் முன்பும் இருந்தார்கள். 1971-இல் வெளிவந்த, லெட் செப்பலின் ராக் குழுவின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பதிவில் ஜான் பானமின் டிரம்ஸ் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் இருந்தது. ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளை மாடிப்படிக்கு மேலே வைத்துக் கடுமையாகக் கம்ப்ரஸ் செய்தார். கேட் இல்லாததால் அந்த முழக்கம் தானாகத் தேய்ந்து அடங்குகிறது. 1977-இல் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டுக்கு தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி கேட்டைக் குரலுக்கே பயன்படுத்தினார். மூன்று மைக்குகள்: ஒன்று வாய்க்கு அருகில், ஒன்று சுமார் 6 மீட்டர், ஒன்று சுமார் 15 மீட்டர் தள்ளி. தூரத்து இரண்டுக்கும் கேட். போவி குரலை உயர்த்த உயர்த்தத்தான் அவை திறக்கும்.

இன்று கணினியில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது வரிசையில். கம்ப்ரஸருக்குப் பின்னால் கேட்டை வைத்து அதையே தானாகத் திறந்து மூடச் சொன்னால் வேலை நடக்காது. மேலே பார்த்த கணக்குப்படி 12 டெசிபல் வித்தியாசம் 0.6 ஆகிவிட்டது, எங்கே மூடுவது என்று கேட்டுக்குத் தெரியாது. எனவே தூரத்து மைக்கின் கேட்டை, ஸ்நேருக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்கின் ஒலியால் இயக்க வேண்டும். ஒரு கருவியை வேறொரு ஒலியால் இயக்கும் சைட்செயின் என்ற இணைப்பு இருப்பது இதற்குத்தான். தூரத்து மைக் 5 மீட்டரில் இருந்தால் ஒலி அங்கே போய்ச்சேர 14.6 மில்லி விநாடி ஆகும். அதற்குள் கேட் திறந்திருக்கும் என்பதால் அட்டாக்கை (கேட் திறக்க எடுக்கும் நேரம்) 0.1-க்கு இறக்க வேண்டியதில்லை, 1 அல்லது 2 மில்லி விநாடி போதும். அதைவிட வேகமாகத் திறந்தால் 'டிக்' என்ற சத்தம் சேரும்.

மூடும் நேரத்தைப் பாட்டின் வேகமே சொல்லும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 600 மில்லி விநாடி. ஹோல்டை (திறந்தபடி நிற்கும் நேரம்) 250-இலும் ரிலீஸை (மூட எடுக்கும் நேரம்) 40-இலும் வைத்தால் அரைத் தட்டுக்குள் முழக்கம் நின்றுவிடும். ஹோல்ட் மிகக் குறைந்தால் கேட் படபடவென்று திறந்து மூடும். கேட் திறக்கும் வரம்பை உயர்த்தினால் ஸ்நேரின் மெல்லிய இடைத்தட்டல்கள் காணாமல் போகும், தாழ்த்தினால் ஹை-ஹாட் (காலால் இயக்கும் ஜோடி சிம்பல்) கேட்டைத் திறக்கும். தூரத்து மைக்கை 1 மீட்டருக்குக் கிட்டே கொண்டுவந்து இரண்டையும் கலந்தால் வேறு சிக்கல்: 2.9 மில்லி விநாடித் தாமதத்தால் 171 ஹெர்ட்ஸ் அருகே ஒலி ஒன்றையொன்று அழித்து ஸ்நேரின் உடம்பு மெலிந்துவிடும்.

பிறகு கல் அறையே தேவையில்லாமல் போனது. 1980-களின் தொடக்கத்தில் வந்த ஏஎம்எஸ் ஆர்எம்எக்ஸ்16 என்ற டிஜிட்டல் ரிவெர்பில் (செயற்கையாக அறை முழக்கம் தரும் கருவி) இருந்த 'நான்லின்' அமைப்பு, தணியாமல் ஓடிச் சட்டென நிற்கும் முழக்கத்தைக் கணக்கிட்டே உருவாக்கியது. ஸ்நேரை மட்டும் அதற்கு அனுப்பலாம் என்பதால் டிரம்ஸ் கலைஞர்கள் சிம்பலை மறுபடி வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் கம்ப்ரஸர் அறையை இழுத்து மேலே கொண்டுவரும் அந்த ஏற்றம் கிடையாது. 'இன்ட்ரூடர்' பாட்டையும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிப் பாட்டு ஏதேனும் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டால், முதல் நாலு அடியிலேயே காது இதைப் பிடித்துவிடும்.