தோள் வலிக்குக் காரணம் பிரா அளவாகவும் இருக்கலாம்

தோள் வலி, கழுத்து வலி என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற பெண்களிடம் நான் தவறாமல் கவனிக்கிற ஒன்று, தோள்மேல் பிரா ஸ்ட்ராப் பதிந்த தடம். சிலருக்கு அது கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிற சிவப்புக் கோடு. சிலருக்கோ பள்ளமாகவே விழுந்து, தோல் கறுத்திருக்கும். "இது எல்லாருக்கும் இருக்கிறதுதானே மேடம்?" என்பார்கள். எல்லாருக்கும் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

சைஸ் எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ப்ளவுஸ் 38, அதனால பிராவும் 38." சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டெய்லர் ப்ளவுஸுக்கு எடுப்பது மார்பின் முழுச் சுற்றளவு. பிரா லேபிளில் உள்ள எண்ணோ, மார்புக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி வருகிற பட்டைக்கானது. மார்பகங்களின் எடையில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். அது தொளதொளவென்று இருந்தால் எடை முழுக்க ஸ்ட்ராப்புக்குப் போகும். உடனே ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவோம். தோளில் பள்ளம் விழும், பின்பட்டை முதுகில் மேலே ஏறும், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசை நாள் முழுக்க இறுகிக் கிடக்கும். அந்தத் தசைக்கு நான் என்ன பயிற்சி கொடுத்தாலும், மறுநாள் காலையில் அதே பிராவை மாட்டிக்கொண்டால் பாதிப் பலன் வீண்.

அளப்பதற்கு வீட்டில் உள்ள இஞ்ச் டேப் போதும். கண்ணாடி முன்னால், மேலாடை இல்லாமல் அல்லது பேட் இல்லாத மெல்லிய பிராவோடு நில்லுங்கள். முதலில் மார்புக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, டேப் உடம்போடு ஒட்டி நிற்கும்படி அளக்க வேண்டும். முதுகுப் பக்கம் டேப் கீழே இறங்கிவிடாமல் பாருங்கள், நிறைய பேருக்கு அளவு தப்புவது அங்கேதான். அடுத்து, மார்பு முழுமையாக இருக்கும் இடத்தைச் சுற்றி, அழுத்தாமல் ஓர் அளவு. மார்பு தளர்ந்து இறங்கியிருந்தால், இடுப்பை வளைத்து முன்னால் குனிந்தபடி இந்த இரண்டாவது அளவை எடுத்தால் சரியாக வரும்.

கீழளவு 30, முழுச் சுற்று 38 என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் விற்கிற பல பிராண்டுகளின் அட்டவணையில் கீழளவு இரட்டை எண்ணாக இருந்தால் 4, ஒற்றை எண்ணாக இருந்தால் 5 கூட்டுவார்கள். அப்படியானால் பட்டை 34. முழுச் சுற்றுக்கும் பட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் கப்: 1 இஞ்ச் ஏ, 2 பி, 3 சி, 4 டி. ஆக, 34 டி. எதையும் கூட்டாமல் கீழளவையே பட்டை எண்ணாக எடுக்கிற பிராண்டுகளும் உண்டு. அதனால் இரண்டு அளவுகளையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு, அந்தந்த பிராண்டின் அட்டவணையில் பாருங்கள். சென்டிமீட்டரில் போட்டிருந்தால், கீழளவு 73 முதல் 77 வரை பெரும்பாலும் 34-க்குள் வரும்.

டி என்றதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். "நான் அவ்வளவு பெரிசு இல்லையே மேடம்!" எழுத்து மட்டும் தனியாக எந்த அளவையும் சொல்லாது. 34 டி, 36 சி, 38 பி மூன்றிலும் கப்புக்குள் இருக்கிற இடம் ஏறக்குறைய ஒன்றுதான், பட்டை மட்டுமே மாறுகிறது. அதனால்தான் 34 டி தேவைப்படுகிறவர் 38 பி-யை வருஷக்கணக்காகப் போட்டும் சந்தேகமே வராமல் இருக்கிறார். கப் சரியாக உட்காருகிறது, குறை முதுகுப் பக்கம் ஒளிந்திருக்கிறது.

டேப் சொல்வது ஓர் ஆரம்பம்தான், போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புதுப் பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வானதில் மாட்டுங்கள். எலாஸ்டிக் நாளாக நாளாகத் தளரும்போது உள் கொக்கிகளுக்கு மாறத்தான் மற்ற வரிசைகள். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், கை முழுக்க நுழையக் கூடாது. முதுகில் பட்டை முன்பக்கத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா? கப்பின் மேலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் கப் சிறியது, துணி சுருங்கி நின்றால் பெரியது. கம்பி வைத்த பிரா என்றால் கம்பி மார்பின் மேலே ஏறி அழுத்தக் கூடாது. கடைசியாக, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல இரண்டு கையையும் தூக்குங்கள். பிராவும் கூடவே ஏறினால் பட்டை தளர்வு.

ரங்கநாதன் தெருவிலும் புரசைவாக்கத்திலும் பெட்டியைத் திறந்து காட்டி, உடனே பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுகிற கடைகள் நிறைய. போட்டுப் பார்க்க வழி இருக்காது, உள்ளாடையைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட கடையில் ஒரே தடவையில் அரை டஜன் வாங்காதீர்கள். ஒன்று வாங்கி, வீட்டில் சரிபார்த்து, அப்புறம் மற்றதை வாங்குங்கள்.

சென்னைக்காரர்களுக்கு வேர்வையும் ஒரு பெரிய பிரச்சினை. கப் சரியாகத் தாங்காவிட்டால் மார்பின் அடிமடிப்பில் தோலும் தோலும் உரசி, வேர்வை தேங்கி, சிவந்து அரிக்கும். ஈரத்தில் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற கலவைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் அரிப்பு அடங்குவது போலத் தெரியும், தொற்று உள்ளுக்குள் பரவும். தோல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, பிராவைத் துண்டுக்கு அடியிலோ நைட்டிக்கு அடியிலோ ஒளித்துக் காயப்போடும் பழக்கம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது சரியாகவே காயாது. அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டிக்கொண்டு போனால் தொற்று திரும்பத் திரும்ப வரும். வீட்டில் யார் முகம் சுளித்தாலும் சரி, காற்றும் வெளிச்சமும் படுகிற இடத்தில் போடுங்கள்.

அளவு வாழ்நாள் முழுக்க ஒன்றாக இருக்காது. எடை கூடினாலும் குறைந்தாலும், கர்ப்பத்திலும், மாதவிடாய் நிற்கிற வயதிலும் மாறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கு மார்பு கனத்து வலிக்கும், அதனால் அது முடிந்த பிறகு அளந்தால் நல்லது. பால் கொடுக்கும் அம்மாக்கள் இறுக்கமானதைத் தவிர்க்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் பால் கட்டிக்கொள்ளும், வீக்கமும் காய்ச்சலும்கூட வரலாம்.

பிரா போட்டால் புற்றுநோய் வரும் என்ற பயத்தோடு வருகிறவர்களும் உண்டு. சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் ஆய்வு மையம் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, மாதவிடாய் நின்ற பெண்களிடம் இதை விசாரித்துப் பார்த்தது. கப் அளவு, கம்பி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போடுகிறார்கள் என்று எதற்கும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்பு கிடைக்கவில்லை.

ஆனால் அளக்கும்போது கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் உள்ளிழுத்துக் குழி விழுந்திருந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே திரும்பியிருந்தாலோ, அதிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அளவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த வாரமே மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.