எடை ஏறினால் டாக்டர் ஏன் பதறுகிறார்?

வாயெல்லாம் புண். மூக்குக் குழாய் வழியாகத்தான் பால் இறங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரே ராத்திரியில் அரைக் கிலோ கூடினால் அம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை வார்டில் நர்ஸ் அதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிடுவார்.

இந்தச் சிகிச்சையில் எல்லாக் கணக்கும் எடையில்தான் தொடங்குகிறது. பொதுவாகக் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல்கள், அதாவது புது ரத்தத்தை உருவாக்கும் செல்கள், வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு 2 கோடியே 40 லட்சம். 60 கிலோ ஆளுக்கு 12 கோடி. தொப்புள்கொடி ரத்தத்திலும் இந்தச் செல்கள் உண்டு; அது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கே போதுமானதாக இருப்பது இந்த எடைக் கணக்கால்தான். ஒரு கொடியில் கிடைப்பதே சுமார் 100 மில்லி. 1988-ல் பாரிஸில் டாக்டர் எலியன் குளுக்மன் குழு முதன்முதலில் அதைச் செலுத்தியதும் 5 வயதுப் பையனுக்குத்தான். கொடுத்தவள், புதிதாகப் பிறந்த தங்கை.

புது செல்களுக்கு இடம் தர, எலும்புக்குள் இருக்கும் பழைய மஜ்ஜையை அழிக்கும் புசல்ஃபான் மருந்தில் கணக்கு இன்னும் விசித்திரம். 40 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்றால், 12 கிலோ பிள்ளைக்கு 1.2. சின்ன உடம்புக்குக் கூடுதலா என்று தோன்றும். அந்த வயதில் கல்லீரல் மருந்தை மளமளவென்று கழித்துவிடுகிறது. 9 கிலோவுக்குக் கீழே அந்த வேகம் இன்னும் வந்திருக்காது, அளவும் 1.0-க்கு இறங்கிவிடும். மருந்து குறைந்தால் புது செல்கள் ஒட்டாமல் போகலாம். கூடினால் கல்லீரல் அடிபடும்.

சரி, அந்த அரைக் கிலோ? கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் மருந்தால் சிதைந்து அடைத்துக்கொண்டால், ரத்தம் வழியில்லாமல் தேங்கும். வயிற்றுக்குள் நீர் கசியும், சிறுநீர் குறையும், கல்லீரல் வீங்கி வலிக்கும். மஞ்சள் காமாலை தெரிவதற்கு முன்பே இது தராசில் தெரிந்துவிடலாம். குழந்தைகளுக்குக் காமாலையே வராமலும் போகலாம். ஏறியது சதையில்லை, தண்ணீர். அதனால்தான் தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை. நனைந்த டயப்பரைக்கூடத் தனியாக நிறுத்துக் குறித்துவைப்பார்கள். தொடங்கியபோது இருந்ததைவிட 5 சதவீதம் கூடினாலோ, நீர் பிரிய மருந்து கொடுத்தும் மூன்று நாள் தொடர்ந்து ஏறினாலோ எச்சரிக்கைதான்.

இந்தக் கல்லீரல் அடைப்பு முற்றினால் டிஃபைப்ரோடைட் என்ற மருந்து: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 25 மில்லிகிராம். அந்தக் கிலோ இன்றைய தராசு காட்டும் கிலோ இல்லை. சிகிச்சை தொடங்கும் முன், நீர் கோக்காத உடம்பில் எடுத்துக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்த எடை.